அளவிட்ட இணைப்பு

பத்து ஜீபீ போட்டால் மாதம் போகும் என்றுதான்
ஒட்டுசுட்டான் கடைப் பெடியன் சொன்னவன்.
ஐந்தாம் நாள் காலை பால் கணக்கு அனுப்பப் போக
டொங்கிளில் சிவப்பு வெளிச்சம்.

கரிப்பட்டமுறிப்பு, ஒலுமடு, அம்பகாமம்:
மூன்று ஊர்ப் பாலும்
லீற்றரும் கொழுப்பும் பெயரும் கையொப்பமுமாய்ச் சேர்த்து
பதினெட்டுக் கேபி.
ஆரோ அனுப்புகிற காலை வணக்கப் படத்தில்
ஒரு இதழளவும் வராது.
அப்ப மிச்சத்தை ஆர் குடிச்சது?

அமைப்புகள். வலையமைப்பு. தரவுப் பயன்பாடு.
சங்கம் தந்த மடிக்கணினி முதன்முறையாகத்
தன் பாஸ்புத்தகத்தை எனக்கு விரித்தது.
நான் நித்திரையான பிறகு
தன்னைத்தானே புதுப்பித்திருக்கிறது, நாலு ஜீபீக்கு.
ஒருநாளும் நான் திறக்காத காலநிலைப் பெட்டி
வாசலில் நின்றாலே தெரிகிற வெயிலைச் சொல்ல
முந்நூற்றுப் பத்து எம்பீ.
ஒரே ஒரு வரிதான் நான் தெரிந்து செலவழித்தது:
வீடியோ அழைப்பு. தோஹா.
நாலரை.

கைக்காசில் இன்னொரு ரீலோட்.
பிறகு 'அளவிட்ட இணைப்பு' என்ற ஆளியை
வலப்பக்கம் தள்ளினேன்.
வரம்பு, நாளுக்கு முந்நூறு.
'சில செயலிகள் எதிர்பார்த்தபடி இயங்காமல் போகலாம்'
என்று எச்சரித்தது.
போகட்டும்.
எங்களுக்கு எது எதிர்பார்த்தபடி ஓடினது?

அன்றிரவு அவருக்குச் சொன்னேன்,
"இனி முகம் இல்லை, குரல் மட்டும்."
"ஏனப்பா, என்னில கோபமோ?"
"உங்களில இல்லை. ஜீபீல."

மூன்று வருடமாய் ஒரே திரைச்சீலைக்கு முன்னால்
இருந்து கதைத்த மனிசன்.
நீலப் பூப்போட்ட சீலை.
தலை வாரி, கொலரை இழுத்துவிட்டு.
முகம் நின்ற அன்று
எழும்பி நடக்கத் தொடங்கினார் போல.
எனக்கு அந்த அறை முதன்முதலாகக் கேட்டது.
இரும்புக் கட்டில் முனகியது, மேல்தட்டில் இன்னொருவர் புரள.
இரண்டு பேர் வங்காளத்தில் சண்டை பிடித்தார்கள்.
"பொறும், குழாயடியில என்ர முறை வருது" என்றவர்
போனை வைக்காமலே பல் தீட்டினார்.
இருமினார்.
படத்தில் ஒருநாளும் இருமாதவர்.

அறை தனக்குத் தனி என்று சொன்னவர்தான்.
நான் கேட்கவில்லை.
நான் மட்டும் என்னவாம்.
குசினித் தகரம் காற்றோடு போன கதையை
கமராவைச் சாமிப்படப் பக்கம் திருப்பி வைத்தே
ஆறு கிழமை மறைத்தவள்.
அன்றைக்கு மழை.
சட்டிக்குள்ளும் வாளிக்குள்ளும் சொட்டுகிற சத்தம்
தோஹாவுக்குக் கேட்டிருக்கும்.
அவரும் கேட்கவில்லை.

தடைக்காலத்தில் எங்கட ஊர் மோட்டார்சைக்கிள்
காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டினால்தான்
உயிர்க்கும்.
பிறகு மண்ணெண்ணெயிலேயே இருமி இருமி
மாங்குளம் மட்டும் ஓடும்.
நாங்களும் இப்ப அப்படித்தான்.
எடுத்தவுடன் பத்து விநாடி முகம்.
பிறகு நிறுத்திவிட்டுக் குரலில் ஓடுகிறோம்.
புகைதான். ஆனால் போகிறது.

மாதக் கடைசி இரவு
ஒரு ஜீபீயும் இருநூறும் மிச்சம்.
பன்னிரண்டு அடித்தால் காலாவதி.
இந்தக் குளத்தில்
மிஞ்சின தண்ணீரை அடுத்த போகத்துக்கு மறிக்க ஏலாது.
"இண்டைக்கு முழுக்கப் பாக்கலாம், போடுங்கோ" என்றேன்.

கொஞ்சநேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு நீலப் பூக்கள்.
அவசரத்தில் வாரின தலை, ஈரம்.
நானும் சாமிப்படத்துக்கு நேரே
கதிரையை இழுத்துப் போட்டிருந்தேன்.
சாப்பாடு நல்லம் என்றார்.
வீடு நல்லா இருக்கு என்றேன்.
பால் விலை. அவருடைய கொன்றாக்ட்.
பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம்,
பஸ்ஸில் எதிரெதிரே இருக்கிற ஆக்கள் மாதிரி.

இன்னும் எண்ணூறு எம்பீ கிடந்தது.
அவர்தான் படத்தை நிறுத்தினார்.

கட்டில் முனகியது.
"சரி" என்றார்,
"இனிக் கதைப்பம்."